40 கிலோடால்டனில் ஒரு பேண்ட்: அது ஏடிஎச்1 தானா?

கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போய் எம்எஸ்சி உயிர்வேதியியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டதன் சுருக்கம் இது: "அண்ணா, எலிகளுக்குச் சில வாரம் எத்தனால் கொடுத்து, கல்லீரலில் எத்தனாலை எரிக்கும் ஏடிஎச்1 நொதி கூடுகிறதா என்று வெஸ்டர்ன் பிளாட் போட்டோம் (புரதங்களை ஜெல்லில் சைஸ்வாரியாகப் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, வேண்டியதை ஆன்டிபாடியால் தேடும் முறை). முயலில் எடுத்த பாலிகுளோனல் ஆன்டிபாடி, அதாவது பல ஆன்டிபாடிகளின் கலவை. 40 கிலோடால்டனில் பளிச்சென்று பேண்ட் வருகிறது. ஆனால் எத்தனால் கொடுத்த எலிக்கும் கொடுக்காத எலிக்கும் வித்தியாசமே இல்லை. போதாததற்கு 50-க்குப் பக்கத்திலும் 25-க்குப் பக்கத்திலும் மங்கலாக இரண்டு பேண்ட். ஆன்டிபாடி சரியில்லை, வேறு வாங்கலாம் என்கிறார் கைடு. வாங்கலாமா? ஹெப்ஜி2 என்ற கல்லீரல் புற்றுச் செல்லைப் பாசிட்டிவ் கண்ட்ரோலாக வைக்கலாமா? இன்னொன்று, ஊரில் மாமா ஒருவர் கேட்கிறார்: இந்த டெஸ்டை எனக்கும் எடுத்து, என் ஈரல் எவ்வளவு கள்ளு தாங்கும் என்று பார்த்துச் சொல்ல முடியுமா?"

முதலில் கைடு சொன்னதற்குப் பதில். இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஆன்டிபாடி மோசம் என்று சொல்ல உங்கள் பிளாட்டில் ஆதாரம் இல்லை. நல்லது என்று சொல்லவும் இல்லை. இரண்டில் எதைச் சொல்வதற்கும் தேவையான ஒப்பீட்டு லேன்கள் (ஒவ்வொரு சாம்பிளும் ஓடும் தடங்கள்) அந்த ஜெல்லில் ஓடவே இல்லை. அதோடு, வித்தியாசம் வராததற்கு ஆன்டிபாடி காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. எத்தனால் கொடுத்தால் கூடும் என்று நீங்கள் எதிர்பார்த்த நொதி, அப்படிப் பெரிதாகக் கூடுகிற ரகம் அல்ல.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குடித்த எத்தனால் கல்லீரலில் மூன்று வழியாக எரிகிறது. பெரிய வழி ஏடிஎச், அதாவது ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ். சைட்டோசாலில் கரைந்து கிடக்கும், துத்தநாகம் தாங்கிய நொதி. எத்தனாலை அசிட்டால்டிஹைடாக மாற்றும். அந்த அசிட்டால்டிஹைடை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் ஏஎல்டிஎச்2 வாங்கி அசிட்டேட் ஆக்கிவிடும். இரண்டாவது வழி சிப்2இ1. எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தில் ஒட்டியிருக்கும் சைட்டோகுரோம் பி450 குடும்பத்து நொதி. மைக்ரோசோமில் எத்தனாலை எரிக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது என்று லீபரும் டிகார்லியும் 1968-இல் காட்டினார்களே, அதன் முக்கிய ஆள் இதுதான். மூன்றாவது கேட்டலேஸ். கல்லீரலில் அதன் பங்கு கொஞ்சம்தான், இங்கே விட்டுவிடலாம்.

ஏடிஎச்1 குறைந்த எத்தனாலிலேயே முழு வேகத்துக்குப் போய்விடும். அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் அதன் வேகம் கூடாது. தினமும் எத்தனால் வந்தாலும் அதன் புரத அளவு, வழக்கமாக நாம் கொடுக்கும் முறைகளில், சொல்லிக்கொள்ளும்படி ஏறாது. சிப்2இ1 அப்படி இல்லை. அது வேலையைத் தொடங்கவே எத்தனால் அளவு கூடுதலாக இருக்க வேண்டும். ஆனால் தொடர்ந்து எத்தனால் வந்தால் அதன் புரதம் பல மடங்கு கூடும். பழகிய குடிகாரனின் ரத்தத்தில் எத்தனால் சீக்கிரம் தீர்வதில் இதற்குப் பங்கு உண்டு. "அவனுக்கு ஏறவே ஏறாது" என்று கள்ளுக்கடையில் பேசிக்கொள்வதில் பாதி மூளையின் பழக்கம், மீதியில் ஒரு பகுதி இந்த நொதி. ஆகவே "எத்தனால் கல்லீரலை மாற்றுகிறது" என்று ஒரு பிளாட்டில் காட்ட வேண்டுமானால் தேட வேண்டியது சிப்2இ1. ஏடிஎச்1 மாறவில்லை என்பது தவறான ரிசல்ட் இல்லை, தம்பி. அதை அப்படியே எழுதலாம். ஆனால் எழுதுவதற்கு முன்னால் அந்த 40 பேண்ட் ஏடிஎச்1 தான் என்று நீங்கள் நிரூபித்திருக்க வேண்டும். நான் விரிவாகச் சொல்ல நினைப்பது அதைப் பற்றித்தான்.

சரியான சைஸில் பேண்ட் வந்தால் சரியான புரதம் என்று நினைப்பது நம் லேப்களில் பரவலான வழக்கம். ஏடிஎச் விஷயத்தில் இது குறிப்பாக ஆபத்து. மனிதனில் ஏடிஎச் ஜீன்கள் ஏழு, ஏழும் 4-ஆம் குரோமோசோமில் வரிசையாக நிற்கின்றன. முதல் வகுப்பில் மட்டும் 1ஏ, 1பி, 1சி என்று மூன்று; அவற்றுக்குள் 90 சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை. எந்த ஆன்டிபாடியும் பொதுவாக இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காது. பாட்டிலில் "ஏடிஎச்1பி" என்று ஒட்டியிருந்தாலும் "முதல் வகுப்பு ஏடிஎச்" என்றே படியுங்கள். எலியில் இந்தத் தலைவலி இல்லை, அதற்கு முதல் வகுப்பில் ஒரே ஜீன்தான். ஆனால் வேறொரு தலைவலி உண்டு: ஏடிஎச்5. மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தது. இதுவும் ஏறத்தாழ 40 கிலோடால்டன்தான். முதல் வகுப்போடு 60 சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை. வேலை வேறு, குளூட்டாதயோனோடு சேர்ந்த பார்மால்டிஹைடைக் கையாளுவது அதன் முக்கிய வேலை, எத்தனாலை அது ஏறக்குறைய கண்டுகொள்வதே இல்லை. கல்லீரலிலும் இருக்கும், மற்ற எல்லா உறுப்பிலும் இருக்கும். முழுப் புரதத்தை முயலுக்கு ஊசி போட்டு எடுத்த பாலிகுளோனல் என்றால், அதில் ஒரு பங்கு ஏடிஎச்5-ஐயும் பிடிக்கக்கூடும். உங்கள் ஜெல்லில் இரண்டும் ஒரே இடத்தில்தான் நிற்கும். கண்ணால் பிரிக்கவே முடியாது.

எப்படிப் பிரிப்பது? எலியின் மூளை. வளர்ந்த எலியின் மூளையில் முதல் வகுப்பு ஏடிஎச் சொல்லத்தக்க அளவில் கிடையாது; ஏடிஎச்5 உண்டு. கல்லீரலுக்குப் பக்கத்து லேனில் அதே அளவு மூளைப் புரதத்தைப் போடுங்கள். கல்லீரலில் பளிச், மூளையில் ஒன்றுமில்லை என்றால் உங்கள் ஆன்டிபாடி முதல் வகுப்பைத்தான் பார்க்கிறது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். மூளையிலும் 40-இல் பேண்ட் நின்றால், கல்லீரல் பேண்டில் ஏடிஎச்5-இன் பங்கும் கலந்திருக்கிறது. இதற்காகப் புதிதாக எலி கேட்டு விலங்கு நெறிமுறைக் குழுவிடம் போக வேண்டியதில்லை. உங்கள் டிபார்ட்மெண்டிலேயே நரம்பியல் வேலை செய்பவர்கள் யாராவது இருப்பார்கள், அவர்கள் மைனஸ் 80-இல் கண்ட்ரோல் மூளை கிடக்கும். ஒரு துண்டு கேட்டால் கொடுப்பார்கள்.

டேட்டாஷீட்டையும் எடுத்துப் பாருங்கள். "இம்யூனோஜென்" (முயலுக்கு ஊசி போட்ட பொருள்) என்ற வரியில் முழுப் புரதமா, ஒரு சிறு பெப்டைடா, பெப்டைடு என்றால் எந்தப் பகுதி என்று இருக்கும். வரிசை கொடுத்திருந்தால் எலியின் ஏடிஎச்1, ஏடிஎச்5 இரண்டோடும் பிளாஸ்ட் என்ற வரிசை ஒப்பிடும் நிரலில் ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை. வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலையும்கூட. கம்பெனி போட்டிருக்கும் அழகான படம் பெரும்பாலும் மனிதக் கல்லீரலிலோ, செயற்கையாக அந்த ஜீனை ஏற்றிய செல்லிலோ எடுத்ததாக இருக்கும். அந்தப் படம் உங்கள் எலிக்கு உத்தரவாதம் ஆகாது. இன்னொரு சின்ன எச்சரிக்கை: கேட்டலாக்கில் வெறும் "ஏடிஎச்" என்று தேடினால் சிறுநீரகம் சார்ந்த ஆன்டிடையூரெட்டிக் ஹார்மோனும் வந்து நிற்கும். ஆர்டர் போடும் கிளார்க்கிடம் சுருக்கப் பெயரை மட்டும் கொடுக்காதீர்கள்.

பெப்டைடு பிளாக்கிங் (இம்யூனோஜென் பெப்டைடை ஆன்டிபாடியோடு முன்கூட்டியே கலந்து பார்ப்பது) செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் அதை நான் பெரிதாக மதிப்பதில்லை. பெப்டைடைக் கலந்ததும் பேண்ட் மறைந்தால், அந்த ஆன்டிபாடி அந்தப் பெப்டைடை ஒத்த எதையோ பிடித்துக்கொண்டிருந்தது என்றுதான் அர்த்தம். அந்த "எதையோ" ஏடிஎச்5 ஆகவும் இருக்கலாம். ஆன்டிபாடியைச் சரிபார்க்க 2016-இல் ஒரு சர்வதேசக் குழு ஐந்து வழிகளை வகுத்தது: ஜீனை நீக்கிப் பார்ப்பது, ஆன்டிபாடி இல்லாத வேறு முறையோடு ஒப்பிடுவது, வேறொரு பகுதியைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி, டேக் ஒட்டிய புரதம், பிடித்ததை மாஸ் ஸ்பெக்கில் பார்ப்பது. நம்மைப் போன்ற லேபுக்கு இந்த ஐந்தில் இரண்டாவது வழி, அதாவது ஆன்டிபாடி இல்லாத வேறு முறையோடு ஒப்பிடுவதுதான், கையில் எட்டுவது. ஏடிஎச்சுக்கு அது மிகச் சுலபமும்கூட, கீழே வருகிறேன்.

அடுத்து அந்த 50-உம் 25-உம். இந்த ஜோடியைப் பார்த்ததுமே லேபில் பழகியவர்களுக்குச் சந்தேகம் வரும்: ரத்தத்தில் இருக்கும் ஐஜிஜி என்ற ஆன்டிபாடிப் புரதம். கந்தகப் பிணைப்பை உடைக்கும் டிடிடி போட்டுக் காய்ச்சினால் ஐஜிஜி உடைந்து கனச் சங்கிலி 50-இலும் இலகுச் சங்கிலி 25-இலும் நிற்கும். எலியின் கல்லீரலை எடுக்கும்போது சலைன் விட்டு ரத்தத்தைக் கழுவாவிட்டால் திசுவில் எலியின் ஐஜிஜி நிறையத் தங்கிவிடும். உங்கள் செகண்டரி, அதாவது முதலில் போட்ட பிரைமரி ஆன்டிபாடியைப் பிடித்துச் சிக்னல் தரும் இரண்டாவது ஆன்டிபாடி, முயலுக்கு எதிரானதுதான், ஆனால் எலியின் ஐஜிஜியை நீக்கிச் சுத்தம் செய்யாததாக இருந்தால் அதையும் கொஞ்சம் பிடிக்கும். உறுதி செய்ய, மெம்பிரேனில் ஒரு பட்டையை வெட்டி, பிரைமரி இல்லாமல் வெறும் செகண்டரி மட்டும் போட்டு டெவலப் செய்யுங்கள். அந்த இரண்டும் அதிலும் தெரிந்தால் ஏடிஎச்சுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. எலி ஐஜிஜியோடு ஒட்டாதபடி கிராஸ் அட்சார்ப் செய்த செகண்டரி வாங்கினால் போதும். விலையும் பிரைமரியைவிட எவ்வளவோ குறைவு. நாளைக்குச் சிப்2இ1 பார்க்கப்போகிறீர்கள் என்றால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அது 50-ஐத் தாண்டியதும் நிற்கும் புரதம். ஐஜிஜியின் கனச் சங்கிலியைச் சிப்2இ1 என்று நம்பி ஒரு தீசிஸே எழுதிவிட வாய்ப்பு இருக்கிறது. சுண்டெலியில் எடுத்த மோனோகுளோனலை சுண்டெலித் திசுவிலேயே போடுபவர்களுக்கு இந்தச் சிக்கல் முழு வீச்சில் வரும்.

நீங்கள் பயோட்டின்-ஸ்ட்ரெப்டாவிடின் முறை பயன்படுத்தவில்லை என்று நினைக்கிறேன். பயன்படுத்தினால் கல்லீரலுக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள். பயோட்டின் ஒட்டிய கார்பாக்சிலேஸ் நொதிகள் கல்லீரலில் நிறைய. 130-இலும் 75-இலும் வேண்டாத பேண்ட் வந்து நிற்கும். ஆட்டில் எடுத்த பிரைமரியாக இருந்தால் பால் பவுடரில் பிளாக் செய்யவும் வேண்டாம். பாலில் மாட்டின் ஐஜிஜி இருக்கிறது, ஆட்டுக்கு எதிரான செகண்டரி அதையும் பிடிக்கும்.

"வித்தியாசமே இல்லை" என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். கல்லீரலில் ஏடிஎச் கொட்டிக்கிடக்கிற புரதம். ஒரு லேனுக்கு 40 மைக்ரோகிராம் போட்டிருந்தால் பேண்ட் நிரம்பி வழிந்திருக்கும். அதற்கு மேல் இரண்டு மடங்கு இருந்தாலும் படத்தில் ஒரே கறுப்புதான். கண்ட்ரோல் சாம்பிள் ஒன்றை எடுத்து 1, 2, 5, 10, 20 மைக்ரோகிராம் என்று ஏறுவரிசையில் ஓட்டுங்கள். பேண்டின் அடர்த்தி எதுவரை அளவோடு சேர்ந்து ஏறுகிறதோ அந்த எல்லைக்குள் உங்கள் சாம்பிளைப் போடுங்கள். எக்ஸ்ரே ஃபிலிமில் எடுக்கிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும், ஃபிலிம் மிகச் சீக்கிரம் நிரம்பிவிடும்.

லோடிங் கண்ட்ரோல் (எல்லா லேனிலும் ஒரே அளவு சாம்பிள் போனதா என்று காட்டும் புரதம்) என்ன வைத்தீர்கள் என்று எழுதவில்லை. பீட்டா ஆக்டின் என்றால் அது 42, ஏடிஎச் 40. மினி ஜெல்லில் இரண்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். ஜிஏபிடிஎச் 37-க்குப் பக்கம், அதுவும் நெருக்கம்தான். ஸ்ட்ரிப் செய்து மறுபடி போட்டாலும் முந்தைய சிக்னல் கொஞ்சம் மிஞ்சிக் குழப்பும். ஏடிஎச்சுக்கு 120-க்குப் பக்கத்தில் நிற்கும் வின்குலின் நல்லது, இல்லையென்றால் 50-ஐ ஒட்டி நிற்கும் ஆல்ஃபா டியூபுலின். சிப்2இ1, ஏஎல்டிஎச்2 இரண்டுக்கும் நேர்மாறு: டியூபுலின் கூடாது, ஜிஏபிடிஎச் ஓகே. மைக்ரோசோமைப் பிரித்தெடுத்து ஓட்டினால் ஜிஏபிடிஎச்சும் சரிப்படாது, அங்கே கால்நெக்சின் வேண்டும். என்னைக் கேட்டால், மெம்பிரேனை பான்சோ எஸ் சாயத்தில் முக்கி, லேன் முழுவதும் தெரியும் புரதத்தைப் படம் பிடித்து அதற்கே சமன்படுத்துவது இவை எல்லாவற்றையும்விட நேர்மையான வழி. எத்தனால் கொடுத்த கல்லீரலில் எந்த "ஹவுஸ்கீப்பிங்" புரதம் அசையாமல் இருக்கும் என்று யார் கண்டது?

ஹெப்ஜி2 பற்றி. வேண்டாம். பெயர்தான் கல்லீரல் செல். அது கல்லீரல் புற்றிலிருந்து வந்து, பல தலைமுறை பிளாஸ்டிக் டப்பாவில் வளர்ந்து, எத்தனாலை எரிக்கும் வேலையை ஏறக்குறைய மறந்துவிட்டது. ஏடிஎச், சிப்2இ1 இரண்டுமே மிகக் குறைவு. அதனால்தான் எத்தனால் ஆராய்ச்சிக்காரர்கள் அதே ஹெப்ஜி2-க்குள் இந்த இரண்டு ஜீன்களையும் ஏற்றி விஎல்-17ஏ என்று தனியாக ஒரு செல் வரிசையே உண்டாக்கினார்கள். சாதா ஹெப்ஜி2-ஐப் பாசிட்டிவ் கண்ட்ரோலாக வைத்து, பேண்ட் வரவில்லை என்று நல்ல ஆன்டிபாடியைக் குப்பையில் போடுபவர்கள் உண்டு. நெகட்டிவ் பக்கத்தில் வைத்தால் அது ஓரளவு உதவும். உங்களுக்கு நல்ல பாசிட்டிவ் கண்ட்ரோல் சாதாரண எலியின் கல்லீரல்தான், அது ஏற்கனவே உங்கள் ஃப்ரீசரில் இருக்கிறது.

சிப்2இ1-க்குப் போவதாக இருந்தால் இரண்டு விஷயம் உங்கள் சாம்பிளைப் பற்றியே கேட்க வேண்டும். எலிகளைக் கொல்வதற்கு முந்தைய இரவு பட்டினி போட்டீர்களா? பெரும்பாலான லேப்களில் யோசிக்காமல் செய்வார்கள். பட்டினி கிடந்தாலே சிப்2இ1 கூடும். சர்க்கரை நோய் வரவைத்த எலியிலும் கூடும். கண்ட்ரோல் எலியையும் பட்டினி போட்டிருந்தால் அதன் அடிமட்டமே உயர்ந்திருக்கும், வித்தியாசம் சுருங்கிவிடும். அடுத்தது, கடைசி டோஸுக்கும் கொன்ற நேரத்துக்கும் எவ்வளவு இடைவெளி? எத்தனால் உடலில் இருக்கும்வரை அது சிப்2இ1 புரதத்தைச் சிதையாமல் காக்கிறது. கூடுவதற்கு முக்கியக் காரணமே அதுதான். எத்தனால் தீர்ந்ததும் புரதம் மளமளவென்று சிதையத் தொடங்கும். முழு நாள் இடைவெளி விட்டிருந்தால் பெரும்பகுதி போயிருக்கும். இந்த இரண்டுக்கும் பதில் உங்கள் லேப் நோட்டில் இல்லை என்றால், சிப்2இ1 ஆன்டிபாடிக்குப் பணம் கட்டுவதற்கு முன் யோசியுங்கள். ஆண் எலி, பெண் எலி இரண்டையும் ஒரே குழுவில் கலந்திருந்தாலும் சொல்லுங்கள், ஏடிஎச் அளவே பாலினத்தைப் பொறுத்து மாறும்.

சிப்2இ1 ஆன்டிபாடியைச் சரிபார்க்க எனக்குப் பிடித்த வழி ஜெல் அல்ல, ஸ்லைடு. எலிக் கல்லீரலின் பாரஃபின் துண்டை ஹைட்ரஜன் பெராக்சைடில் வைத்து, திசுவிலேயே இருக்கும் பெராக்சிடேஸை அடக்கிவிட்டு, சிட்ரேட்டில் காய்ச்சி, ஆன்டிபாடி போட்டு டிஏபி என்ற பழுப்புச் சாயத்தில் நிறம் கொண்டுவாருங்கள். பத்து மடங்கு ஆப்ஜெக்டிவில் பார்த்தால் முதலில் ஒரு வெற்று ஓட்டை தெரியும், சுற்றிலும் மெல்லிய சுவர், பக்கத்தில் பித்தநாளம் எதுவும் இல்லை. அது மையச் சிரை (ரத்தக்குழாய்). அதைச் சுற்றிச் சில அடுக்கு செல்கள் மட்டும் காப்பிப் பொடி நிறத்தில் வளையமாக நிற்க வேண்டும். அங்கிருந்து விலகி, குட்டிக் குட்டிக் கனசதுரச் செல்கள் சூழ்ந்த பித்தநாளமும் தமனியும் சேர்ந்திருக்கும் போர்ட்டல் பக்கம் வர வர நிறம் வெளுத்து ஒன்றுமில்லாமல் போக வேண்டும். சிப்2இ1 கல்லீரலில் அப்படித்தான் பரவியிருக்கிறது. ஸ்லைடு முழுக்க ஒரே பழுப்பாக வந்தால் ஆன்டிபாடியையோ உங்கள் பிளாக்கிங்கையோ சந்தேகப்படுங்கள். எத்தனால் கொடுத்த எலியில் அந்த வளையம் தடிக்கும். பேண்டின் அடர்த்தியை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, தேர்வாளருக்கு அந்த வளையத்தைக் காட்டுவது எளிது. அடுத்த சீரியல் துண்டில் குளூட்டமின் சிந்தெட்டேஸ் போட்டால் இன்னும் உறுதி. அது மையச் சிரையை ஒட்டிய ஓரிரு அடுக்கில் மட்டும் நிறம் எடுக்கும்.

இப்போது நான் மேலே ஒத்திவைத்த விஷயம். ஆன்டிபாடி சொல்வது புரதம் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும். அது வேலை செய்கிறதா என்று சொல்லாது. மனித ஏடிஎச்1பியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிய வகை ஒன்று கிழக்காசியாவில் மிகச் சாதாரணம். சாதா வகையைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும் நொதி அது. பிளாட்டில் இரண்டுக்கும் ஒரே பேண்ட்தான். ஏஎல்டிஎச்2-இலும் இதே கதை, தலைகீழாக: ஒரு அமினோ அமிலம் மாறினால் நொதி ஏறக்குறைய செத்துவிடும், பேண்ட் நிற்கும். ஆகவே ஏடிஎச் பார்க்கும் எல்லோருக்கும் நான் சொல்வது, கூடவே செயல்பாட்டையும் அளந்துவிடுங்கள். கருவி உங்கள் டிபார்ட்மெண்டில் நிச்சயம் இருக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர். கல்லீரல் சாறு, எத்தனால், என்ஏடி. 340 நானோமீட்டரில் என்ஏடிஎச் ஏறுவதைப் பார்க்க வேண்டியதுதான். கணக்குக்கு, என்ஏடிஎச்சின் ஒளி உறிஞ்சும் குணகமான 6220 என்ற எண்ணைப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். அப்புறம் அதே குவெட்டில் 4-மெத்தில்பைரசோல் சேருங்கள். அது முதல் வகுப்பு ஏடிஎச்சை மிகக் குறைந்த செறிவிலேயே முடக்கும், ஏடிஎச்5-ஐத் தொடாது. சேர்த்ததும் எவ்வளவு நிற்கிறதோ அதுதான் உங்கள் ஏடிஎச்1. அந்த எண் சாம்பிளுக்குச் சாம்பிள் உங்கள் 40 பேண்டோடு ஒத்துப்போனால், "ஆன்டிபாடி சரி" என்பதற்கு ஆன்டிபாடியைச் சாராத சாட்சி கிடைத்துவிட்டது. ஒன்றை மறக்க வேண்டாம்: பிளாட்டுக்காக ரிப்பா பஃபரில் எடுத்த சாறு இதற்கு ஆகாது, அதில் இருக்கும் எஸ்டிஎஸ் என்ற சோப்பு நொதியைக் கொன்றுவிடும். மிச்சத் துண்டிலிருந்து சோப்பு இல்லாத பஃபரில் தனியாக எடுங்கள்.

பாட்டிலைப் பற்றிச் சுருக்கமாக. சித்திரை வெயிலில் பெங்களூரிலிருந்து வரும் பார்சலில் ஐஸ் பேக் உருகித் தண்ணீராகியிருக்கும், அதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் நிறைய. ஆன்டிபாடி ஓரிரு நாள் சூட்டைப் பொதுவாகத் தாங்கிவிடும். தாங்காதது உறைந்து உருகி உறைவது. வந்த அன்றே சின்னச் சின்ன அளவாகப் பிரித்து வையுங்கள். தானாகப் பனி உருக்கும் வீட்டு ஃப்ரிட்ஜ் வகை ஃப்ரீசரில் வைக்காதீர்கள், கரண்ட் போகாத நாளிலும் அது உருக்கிக்கொண்டே இருக்கும். பாதிக்குப் பாதி கிளிசரால் கலந்து வந்ததென்றால் மைனஸ் 20-இல் உறையவே உறையாது, பிரிக்கவும் வேண்டாம். எச்ஆர்பி என்ற சிக்னல் தரும் நொதி ஒட்டிய செகண்டரியில் மட்டும் சோடியம் அசைடு சேர்க்காதீர்கள், எச்ஆர்பி முடங்கிவிடும். லாட் எண்ணை நோட்டில் எழுதுங்கள். பாலிகுளோனல் என்றால் அடுத்த பாட்டில் வேறு முயலாக இருக்கலாம், இதுவரை பார்த்த பேண்ட் அதில் அப்படியே வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. மறுபடி வாங்கும் நிலை வந்தால் முயலின் ரீகாம்பினன்ட் மோனோகுளோனல் பாருங்கள், லாட்டுக்கு லாட் மாறாது.

கடைசியாக மாமா. எல்லையின் இந்தப் பக்கத்தில் இது நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் 1987-இலிருந்து கள்ளு இறக்கத் தடை. கேரளப் பக்கம், பாலக்காட்டு மாவட்டத்தில் இருக்கும் நம் சித்தூர்த் தாலூகாவில் கடை திறந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோபாலபுரம், வேலந்தாவளம் வழியாக வருகிற பைக்குகளை எண்ணினாலே தெரியும். ஆனால் இந்த ஆன்டிபாடி ஆராய்ச்சிக்கு மட்டும். மாமாவுக்குப் பார்க்க வேண்டுமானால் கல்லீரலில் ஊசி குத்தி ஒரு துண்டு எடுக்க வேண்டும், அப்படி எடுத்தாலும் கிடைப்பது பேண்ட்தான், "எத்தனை குப்பி தாங்கும்" என்ற பதில் அல்ல. அந்தப் பதில் எந்த டெஸ்டிலும் இல்லை என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். ஏடிஎச் வேகமாக ஓடினால் ஈரல் தப்பிக்கும் என்பதும் இல்லை. அசிட்டால்டிஹைடு அவ்வளவு வேகமாகச் சேரும், அவ்வளவுதான். அவர் எடுக்க வேண்டியது சாதாரண எல்எஃப்டி (கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை), ஜிஜிடி, பிளேட்லெட், ஒரு ஸ்கேன். அதில் ஏஎஸ்டி என்ற நொதி ஏஎல்டி என்ற நொதியைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் குடியால் வந்த சேதத்தை மருத்துவர் யோசிப்பார். இவை எல்லாம் பாலக்காட்டிலும் கிடைக்கும், பொள்ளாச்சியிலும் கிடைக்கும்.

அவரிடம் இன்னும் இரண்டு சொல்லுங்கள். தினமும் குடிப்பவரின் ஈரலில் சிப்2இ1 கூடியிருக்கும் என்றேன் அல்லவா, பாராசிட்டமாலின் ஒரு பகுதியை விஷமாக மாற்றுவதும் இதே நொதிதான். உடம்புவலி, தலைவலி என்று மாத்திரையை இஷ்டத்துக்குப் போடக்கூடாது. இப்படிப்பட்டவர்களுக்கு நாளைக்கு 2 கிராமைத் தாண்ட வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். சரியாகச் சாப்பிடாமல் குடிப்பவர் என்றால் அதையும் மருத்துவரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

இன்னொன்று, கடைக்கு வெளியே ரகசியமாக விற்கும் எதையும் தொட வேண்டாம். கொல்லம் கல்லுவாதுக்கலில் 2000-இல் 30-க்கும் மேற்பட்டவர்களையும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களையும் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். மெத்தனால் வயிற்றில் இருக்கும்போது அவ்வளவு விஷமில்லை. அதைப் பார்மால்டிஹைடாகவும், பிறகு பார்வையையும் உயிரையும் பறிக்கும் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றும் சங்கிலியைத் தொடங்கி வைப்பதே நம் ஏடிஎச்தான். அதற்கு மருத்துவமனையில் கொடுக்கும் ஃபோமெபிசோல் வேறொன்றுமில்லை, குவெட்டில் சேர்க்கச் சொன்னேனே, அதே 4-மெத்தில்பைரசோல். அது கிடைக்காத இடத்தில் எத்தனாலையே கொடுத்து நொதியை வேறு பக்கம் இழுத்து வைப்பார்கள். அதெல்லாம் ஆஸ்பத்திரியில், அளவு பார்த்துச் செய்கிற வேலை. கண் மங்குகிறது, பனி மூடிய மாதிரி இருக்கிறது என்று யாராவது சொன்னால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

மூளை லேனும் வெறும் செகண்டரிப் பட்டையும் ஓட்டியதும் படத்தை அனுப்புங்கள், தம்பி. வெட்டாமல், மார்க்கரோடு முழு மெம்பிரேன், எக்ஸ்போஷர் நேரம் எழுதி. பட்டினி போட்டீர்களா, கடைசி டோஸ் எப்போது என்ற இரண்டையும் கூடவே எழுதுங்கள். சிப்2இ1 வாங்கலாமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.